ஐரிஷ் பாட்டில் மெட்ராஸ் கவர்னர்! கண்டிச்சீமைப் பாட்டில் நம்ம நெல்லை! தெரியுமா?

2012 யூரோ கோப்பை. ஸ்பெயினிடம் அயர்லாந்து 4-0 என்று உதை வாங்கிக்கொண்டிருக்கிறது. ஆட்டம் முடியச் சில நிமிடங்கள்தான் பாக்கி. தோற்ற அணியின் ரசிகர்கள் என்ன செய்வார்கள்? எழுந்து போவார்கள், இல்லை திட்டுவார்கள். அயர்லாந்துக்காரர்கள் பாடினார்கள்! ஆயிரக்கணக்கான பேர், ஒரே குரலில், 'தி ஃபீல்ட்ஸ் ஆஃப் ஆதன்ரை'. பஞ்ச காலத்தில் பிள்ளைகளின் பசிக்குத் தானியம் திருடிய ஒருவனை ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றிவிட, மனைவி கரையில் நிற்கும் கதை அந்தப் பாட்டு. கேட்டால் இருநூறு வருஷத்துப் பாட்டு மாதிரி இருக்கும். பீட் செயின்ட் ஜான் என்பவர் அதை எழுதியதோ 1970களில்!

அந்தத் திருட்டுத் தானியத்துக்குப் பாட்டில் ஒரு சொந்தக்காரர் பெயர் வருகிறது: ட்ரெவெல்யன். சர் சார்ல்ஸ் ட்ரெவெல்யன். 1845இல் தொடங்கிய அயர்லாந்துப் பஞ்சத்தின்போது லண்டன் கஜானாவில் உட்கார்ந்துகொண்டு நிவாரணக் காசை எண்ணி எண்ணிக் கொடுத்த பெரிய அதிகாரி. அதற்காக 1848இல் சர் பட்டம் வேறு! இன்றைக்கும் அந்தப் பெயரைச் சொன்னால் அயர்லாந்தில் முகம் சுளிப்பார்கள். அந்த மனுஷர் 1859இல் எங்கே வந்து இறங்கினார் தெரியுமா? நம்ம மெட்ராஸில். கவர்னராக!

திருநெல்வேலி ஜில்லாவுக்கும் சேர்த்து அவர்தான் அப்போது மேலிடம். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம், பிற்பாடு மூர் மார்க்கெட் எழுந்த வட்டாரத்தில், மக்கள் பூங்கா என்று ஒன்றை உண்டாக்கினார். அடுத்த வருஷமே வேலை போயிற்று. புது வரி போடக்கூடாது என்று தனக்கும் மேலே இருந்த சர்க்காரோடு மல்லுக்கு நின்று, அதைப் பத்திரிகையிலும் போட்டுவிட்டதால் லண்டன் திருப்பி அழைத்துக்கொண்டது. அங்கே பஞ்சத்தில் கை இறுக்கியவர், இங்கே வரி வேண்டாம் என்று சண்டை போட்டிருக்கிறார். மனுஷர்களை ஒரு பாட்டுக்குள் அடக்குவது கஷ்டம்தான்.

சரி, அயர்லாந்துப் பாட்டுக்கும் நெல்லையிலிருக்கும் நம்ம வண்ணார்பேட்டைக்கும் இத்தோடு முடிந்ததா சம்பந்தம்? இப்போதுதான் ஆரம்பிக்கிறது!

இரண்டு தீவு, இரண்டு செடி நோய்

அயர்லாந்தைக் காலி செய்தது எது? ஒரு செடி நோய்! 1845இல் உருளைக்கிழங்குச் செடியில் வந்த கருகல். தோண்டினால் கிழங்குக்குப் பதில் நாற்றமடிக்கும் கூழ். 1841இல் 81 லட்சத்துக்கு மேல் ஜனம் இருந்த நாட்டில் 1851இல் 65 லட்சம்தான் மிச்சம். சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். இன்னும் பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள்.

இலங்கை மலைகளில் நம் ஜனத்தை நிரந்தரமாகக் கட்டிப்போட்டது எது? அதுவும் ஒரு செடி நோய்தான்! 1869இல் காப்பிச் செடியில் இலைத்துரு நோய் வந்தது. இலையின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் பொடி பொடியாகப் படிந்து, பத்துப் பதினைந்து வருஷத்துக்குள் காப்பித் தோட்டங்களையே துடைத்துப்போட்டது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால்தான், 1867இல், லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 19 ஏக்கரில் தேயிலை போட்டுப் பார்த்திருந்தார். காப்பி போனதும் மலை முழுக்கத் தேயிலை!

இதில் பாட்டு எங்கே வருகிறது என்கிறீர்களா? காப்பிக்கு அறுவடைக் காலத்தில் சில மாதம் ஆள் இருந்தால் போதும். போனார்கள், பழம் பறித்தார்கள், திரும்பினார்கள். தேயிலை அப்படியில்லை. வருஷம் பூராவும் கொழுந்து விடும், வருஷம் பூராவும் கை வேண்டும். அதனால் குடும்பத்தோடு போனார்கள், லயத்தில் குடியிருந்தார்கள், அங்கேயே பிள்ளை பெற்றார்கள். திரும்பி வருகிறவனுக்கு ஊர் ஞாபகம் ஒரு தூரம். திரும்ப முடியாதவனுக்கு அது பாட்டு!

ரயிலும் பஞ்சமும் ஒரே வருஷம்

இது தெரியுமா? மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் வந்தது 1876இல். மணியாச்சியில் பிரிந்து நம்ம தாமிரபரணிக் கரைக்கும் அதே வருஷம் தண்டவாளம் வந்தது. இன்றைய ஜங்ஷனுக்கு அப்போது 'திருநெல்வேலி பிரிட்ஜ்' என்று பெயர். ஏன் பிரிட்ஜ்? சுலோச்சன முதலியார் தன் கைக்காசைப் போட்டுக் கட்டி 1843இல் திறந்த பாலம் பக்கத்தில் இருந்ததால்! பாலத்துக்கு இந்தப் பக்கம் வந்தால் கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை.

அதே 1876தான் தாது வருஷம். தாத்தா பாட்டிமார் 'தாது வருஷப் பஞ்சம்' என்பார்களே, அதே பஞ்சம். மழை பொய்த்துப்போன அதே நேரத்தில் துறைமுகத்துக்கு ரயிலும் தயார்! பஞ்சத்தைப் பற்றிக் கும்மியும் சிந்தும் கட்டி, மட்டமான காகிதத்தில் அச்சடித்து, சந்தையில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்றார்கள். டப்ளின் தெருக்களில் ஒற்றைத் தாளில் அச்சடித்த பாட்டைப் பாடிக்காட்டியே விற்றார்கள் என்று படிக்கும்போது, நம் சந்தைக் குரல்தான் எனக்குக் காதில் விழுகிறது.

இலங்கைக்கு இரண்டு வழி. ஒன்று வடக்குப் பாதை: ராமநாதபுரக் கரையில் தோணியேறி மன்னார்ப் பக்கம் இறங்கி, காடு வழியாக மாத்தளைக்கு ஏறக்குறைய 150 மைல் நடை. காலரா, மலைக்காய்ச்சல், தண்ணீர் இல்லாத காடு. விழுந்தவரை விட்டுவிட்டு மற்றவர் நடக்க வேண்டியதுதான். இன்னொன்று தூத்துக்குடியிலிருந்து நேராகக் கொழும்புக்குக் கப்பல். நெல்லைச் சீமை ஜனத்துக்குப் பெரும்பாலும் இதுதான் வழி. ஏறுவதற்கு முன் தட்டப்பாறை முகாமில் தங்கவைத்து நோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இன்றைக்குத் தூத்துக்குடி பாசஞ்சரில் போகும்போது மணியாச்சி தாண்டி ஒரு சின்ன ஸ்டேஷன் வருமே, அந்தத் தட்டப்பாறைதான். நம் ஊர்க் குடியானவன் கண்டிச்சீமையின் கதவை முதலில் தட்டிய இடம்!

ஏக்கமா? ஏச்சுப்பா!

புலம்பெயர்ந்தோர் பாட்டு என்றாலே கண்ணீர், பச்சை வயல், அம்மா கை மணம் என்று நினைக்கிறோம். ஐரிஷ் பாட்டில் அது நிறையவே உண்டு. நம் தேயிலைத் தோட்டப் பாட்டுகளைத் திறந்தால் என்ன இருக்கிறது தெரியுமா? ஏராளமான ஏச்சு!

யாரை ஏசுகிறார்கள்? வெள்ளைத் துரையை மட்டுமா? அவனாவது தூரத்தில் பங்களாவில் இருக்கிறான். முதல் அடி கங்காணிக்கு! கங்காணி யார்? சொந்த ஊர்க்காரர், பல சமயம் சொந்தச் சாதிக்காரர், சித்தப்பா பெரியப்பா முறைகூட. தலைப்பாகையும் கறுப்புக் கோட்டும் குடையுமாக ஊருக்கு வந்து முன்பணம் கொடுத்து, தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசை காட்டியவர். மாசி என்றால் மாசிக் கருவாடு. தேயிலைத் தூரைத் தோண்டினால் கருவாடாம்! அதையும் நம்பினார்கள், பசி அப்படி. ஆள் ஒருத்தர் வேலைக்கு வந்தால் தலைக்கு இத்தனை என்று கங்காணிக்குக் காசு. தொழிலாளிக்கோ ஏறிய நாளிலிருந்து கடன். அந்தக் கடனோடு சேர்த்து ஆளை ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற்றிவிட ஒரு சீட்டு உண்டு, 'துண்டு' என்பார்கள். 1921இல்தான் அதை ஒழித்தார்கள்.

காலை இருட்டிலேயே தப்படித்து எழுப்புவார்கள். பிரட்டுக்களத்தில் பேர் கொடுக்க வேண்டும். பிறகு மலை. இடுப்பில் படங்குச் சாக்கு, தலையில் மாட்டிய கயிற்றில் முதுகோடு தொங்கும் கூடை. செடியின் மேல் மட்டக்கம்பை வைத்து, அதற்கு மேலே நிற்கும் இரண்டு இலையும் ஒரு மொட்டும் மட்டும் கிள்ள வேண்டும். இரண்டு கையும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். கை நிறைந்ததும் தோளுக்கு மேலே பின்னால் வீசினால் கூடையில் விழும், திரும்பிப் பார்க்க நேரமில்லை. நிறுவைக்குப் போனால் கணக்கப்பிள்ளை தராசு. சொன்ன நிறை இல்லாவிட்டால் 'அரைப்பேர்', அதாவது பாதிச் சம்பளம். நாள் முழுக்க மழையில் நனைந்தும் உன் பேர் பாதிதான்! இந்த அரைப்பேரும் கணக்கப்பிள்ளையின் கள்ளத் தராசும் பாட்டில் படுகிற பாடு கொஞ்சமில்லை. பக்கத்து நிரையில் நிற்பவளுக்குத் தெம்மாங்கு மெட்டில் ஒருத்தி எடுத்துக்கொடுக்க, அடுத்தவள் பதில் கட்ட, நடுவில் நிற்கும் கங்காணிக்குத் தன்னைத்தான் பாடுகிறார்கள் என்று தெரியும். ஆனால் பாட்டைப் பிடித்து அரைப்பேர் போட முடியுமா!

ஏக்கம் இல்லை என்று சொல்லவில்லை. வரும்போது வெட்டென்று வரும். ஒரு பாட்டில் பெண் ஒருத்தி மலையைக் கை நீட்டிக் காட்டுகிறாள். காப்பிக் கன்று நட்டது அந்த மலையில், அண்ணனைப் பறிகொடுத்ததும் அதே மலையில் என்கிறாள். அவ்வளவுதான், அடுத்த அடி வேறெங்கோ போய்விடுகிறது. வர்ணனை இல்லை, கண்ணீரைப் பற்றி ஒரு சொல் இல்லை. தாலாட்டிலும் அப்படித்தான்: தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கு மாமன் சீர் கொண்டுவருவான் என்று பாடுவது நம் வழக்கம். கடல் தாண்டிய பிறகு எந்த மாமன் வருவான்?

இந்தப் பாட்டுகளை யார் எழுதிவைத்தது? மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை லயம் லயமாகக் கேட்டுத் தொகுத்தார். சாதாரண ஆளில்லை அவர், 1947 தேர்தலில் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றத்துக்குப் போனவர்! மறு வருஷமே குடியுரிமைச் சட்டம் வந்து அவருக்கு வாக்களித்த ஜனத்தை நாடற்றவர் ஆக்கியது. அவருக்குப் பின் மு. சிவலிங்கமும் மலையகப் பாட்டுகளைத் தேடித் தொகுத்திருக்கிறார். இங்கே கரையில், நாங்குநேரிக்காரர் நா. வானமாமலை பாளையங்கோட்டையில் இருந்துகொண்டே, மாணவர்களையும் நண்பர்களையும் ஊர் ஊராக அனுப்பி நாட்டுப்பாடல் சேர்த்தார். இன்னொரு பெயர் கட்டாயம் சொல்ல வேண்டும்: மீனாட்சியம்மாள். தோட்டத் தொழிலாளருக்கு முதலில் சங்கம் கட்டிய கோ. நடேசய்யரின் மனைவி. கூட்டத்தில் கணவர் பேசுவதற்கு முன் இவர் பாடுவார்! இந்தியர்களின் இலங்கை வாழ்க்கை நிலைமையைத் தானே பாட்டாகக் கட்டி 1940இல் புத்தகமாகவும் போட்டார். கப்பலேறிய ஜனத்தின் பாட்டைப் பெண் எழுதி, பெண் பாடி, பெண்ணே அச்சிலும் ஏற்றியிருக்கிறார். ஐரிஷ்காரர்களிடம் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

உருக்கும் பாட்டை எழுதியவர் ஐரிஷே இல்லை!

'டேனி பாய்' தெரியாதவர் இருக்க முடியாது. அயர்லாந்தின் தேசிய கீதம் மாதிரி, சாவு வீட்டிலும் பாடுவார்கள், பாரிலும் பாடுவார்கள். எழுதியது ஃபிரெடெரிக் வெதர்லி என்ற இங்கிலாந்து வக்கீல்! மெட்டு மட்டும் ஐரிஷ். லிமவாடி ஊர் ஜேன் ராஸ் என்ற அம்மையார் கேட்டு எழுதிக்கொடுத்து 1855இல் அச்சேறியது. அது வக்கீலிடம் எப்படிப் போனது? அமெரிக்காவிலிருந்த அவருடைய உறவுக்காரப் பெண் அனுப்பிவைத்தார். ஏற்கெனவே எழுதிவைத்திருந்த வரிகளை அந்த மெட்டில் உட்காரவைத்து 1913இல் வெளியிட்டார். 'கேத்லீனே, உன்னை வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன்' என்று உருகும் இன்னொரு பிரபலப் பாட்டு? 1875இல் அமெரிக்காவில் வெஸ்டன்டார்ஃப் என்ற பள்ளி ஆசிரியர் எழுதியது. அவரும் ஐரிஷ் இல்லை!

தள்ளி நின்று எழுதியவர்களால்தான் அவ்வளவு இனிப்பாக எழுத முடிந்தது என்பது என் கட்சி. கூடையைச் சுமந்துகொண்டு கட்டிய பாட்டில் இனிப்புக்கு இடம் ஏது?

நெல்லையில் புதைந்த அயர்லாந்து

கதை திரும்பிப் போகும் திசையையும் பாருங்கள். இங்கிருந்து ஜனம் வெளியேறிய அதே காலத்தில் அயர்லாந்தில் பிறந்தவர்கள் இங்கே வந்து, திரும்பாமலே போனார்கள்!

திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் 1814இல் பிறந்தது அயர்லாந்தின் ஆன்ட்ரிம் பகுதியில். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள். 1841இல் இடையன்குடித் தேரிக்கு வந்தார், 1891இல் கொடைக்கானலில் இறந்தார், உடலை இடையன்குடிக்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். டோனாவூரில் கைவிடப்பட்ட பெண் குழந்தைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல்? 1867இல் கவுன்டி டவுனில் பிறந்த ஐரிஷ் பெண். 1895இல் இந்தியா வந்தார், 1951இல் இறக்கும்வரை, ஐம்பத்தைந்து வருஷம், ஒரு தடவைகூட ஊருக்குப் போகவில்லை! கல்லறையில் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து அதில் தாயைக் குறிக்கும் ஒரே ஒரு சொல்லை மட்டும் பொறித்தார்கள்.

மூன்றாவது ஆளைச் சொன்னால் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவீர்கள். 1911 ஜூன் 17, மணியாச்சி ஜங்ஷனில் வாஞ்சிநாதன் சுட்ட கலெக்டர் ஆஷ். அவரும் அயர்லாந்துக்காரர்தான்! படித்தது டப்ளின் டிரினிட்டி கல்லூரி, புதைத்தது பாளையங்கோட்டை.

வண்ணார்பேட்டை வீட்டிலிருந்து கண்டிக்கு

இப்போது நம்ம பேட்டைக்கு வருவோம். சொ. விருத்தாசலம், அதாவது புதுமைப்பித்தன் குடும்பத்துக்கு வண்ணார்பேட்டையில் வீடு. படிப்பு ஆற்றுக்கு அந்தப் பக்கம், இந்துக் கல்லூரி. அவர் 1935இல் 'மணிக்கொடி'யில் எழுதிய 'துன்பக்கேணி' கதையின் மருதி எந்த ஊர்க்காரி? திருநெல்வேலிச் சீமையின் வாசவன்பட்டி! அங்கிருந்து கிளப்பி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். கதையின் தலைப்பு யாருடையது? எட்டயபுரத்து பாரதியுடையது! ஃபிஜித் தீவின் கரும்புத் தோட்டத்தில் வதைபட்ட பெண்களை நினைத்து பாரதி கட்டிய பாட்டில் வரும் சொல் அது. பாரதி ஃபிஜியைக் கண்ணால் கண்டதில்லை. அவரும் சின்ன வயதில் படித்தது நெல்லை இந்துக் கல்லூரிப் பள்ளியில்தான். இந்துக் கல்லூரிச் சுவரேறிப் பார்த்தாலும் கடல் தெரியாது, அங்கே படித்த இரண்டு பேர் கடலுக்கு அந்தப்புறத்து அழுகையைக் கேட்டிருக்கிறார்கள்.

கூடவே ஒன்று: பாலாவின் 'பரதேசி' படத்துக்கு (2013) மூலமான 'ரெட் டீ' நாவலை எழுதியவர் ஆனைமலைத் தோட்டங்களில் வேலை பார்த்த டாக்டர் பி.எச். டேனியல். தமிழில் இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு'. அதில் பஞ்சம் பிழைக்கப் போகும் தம்பதியின் ஊர் மயிலோடை. அதுவும் திருநெல்வேலிச் சீமை!

ஒப்பாரி ரயில்!

அயர்லாந்தில் 'அமெரிக்கன் வேக்' என்று ஒன்று உண்டு. அமெரிக்காவுக்குப் போகிறவன் இனித் திரும்பப்போவதில்லை, ஆகவே கப்பலுக்கு முந்தின ராத்திரி அவனை வீட்டில் உட்காரவைத்து உயிரோடு இழவு கொண்டாடுவார்கள்! குடி, ஆட்டம், பாட்டு, விடியும்போது கிழவிகளின் ஒப்பாரி. சாவுக்கு என்ன உண்டோ அத்தனையும்.

நமக்கும் அப்படி ஒன்று இருந்தது, ஆனால் திசை மாறி! 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். நாடற்றுப்போன தோட்ட ஜனத்தில் ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு. ஜனத்தைப் பங்கு பிரித்தார்கள்! அண்ணனுக்கு இந்தியப் பாஸ்போர்ட், தம்பிக்கு இலங்கைக் குடியுரிமை. அட்டன், தலவாக்கலை ஸ்டேஷன்களில் தலைமன்னாருக்கு வண்டி புறப்படும்போது பிளாட்பாரத்தில் நிற்பவரும் ஜன்னலில் இருப்பவரும் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். அந்த ரயிலுக்கே 'ஒப்பாரிக் கோச்சி' என்று பேர் விழுந்துவிட்டது! கோச்சி என்றால் இலங்கையில் ரயில். மு. சிவலிங்கத்தின் சிறுகதைத் தொகுப்புக்கும் அதே பெயர்.

பாட்டன் காலத்தில் இந்தக் கரையை நினைத்துப் பாடியவர்களின் பேரப்பிள்ளைகள் இந்தக் கரைக்கே வந்து சேர்ந்து, கண்டி மலையை நினைத்து ஏங்கினார்கள்! அவர்களுக்காகத்தான் 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம், அதுதான் டான்டீ, தொடங்கியது. அங்கே 'தோட்டக்காட்டான்', இங்கே 'சிலோன்காரன்'. எந்த ஊர் பாட்டில் வரும், சொல்லுங்கள்?

தேயிலை மலைக்குப் போகக் கடல் தாண்டவே வேண்டாம் என்பதற்கும் நம்மிடம் ஆதாரம் உண்டு. 1929இல் சிங்கம்பட்டி ஜமீன் 8,373 ஏக்கர் காட்டை 99 வருஷக் குத்தகைக்குப் பம்பாய் பர்மா கம்பெனிக்கு விட்டது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. பேரைச் சொன்னாலே குளிரும் இடங்கள்! 1999 ஜூலை 23இல் அந்தத் தொழிலாளர்களுக்காகக் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் வந்தது. போலீஸ் தடியடி, ஆற்றில் இறங்கி ஓடியவர்கள், 17 உயிர். வண்ணார்பேட்டையிலிருந்து நடந்துபோகும் தூரம்தான் அந்தக் கரை. குத்தகை முடிவது 2028இல். ஆனால் 2024இலேயே விருப்ப ஓய்வு என்று எழுதி வாங்கிக்கொண்டு கம்பெனி கடையைக் கட்டியது. நாலு தலைமுறை கொழுந்து கிள்ளிய குடும்பங்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டு கீழே இறங்கின. அந்த வீட்டுப் பிள்ளைகளிடம் சொந்த ஊர் எது என்று கேட்டுப் பாருங்கள், பாட்டன் புறப்பட்டுப் போன ஊரைச் சொல்ல மாட்டார்கள். மாஞ்சோலை என்பார்கள்!